மூன்று வருடமாகத் தினமும் கலோரி எழுதுகிறேன், இதை எப்போது நிறுத்துவது?

நொய்யல்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 39, உயரம் 157 செ.மீ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மூன்று வருடத்துக்கு முன்னால் 74 கிலோ இருந்தேன், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது என்றார் டாக்டர். அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் எடுத்த வீடு எங்களுடையது, அதனால் அதற்கு மேல் யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே சின்ன கிச்சன் தராசு ஒன்று வாங்கினேன், போனில் கலோரி எழுதும் ஆப் ஒன்றைப் போட்டேன். ஒரு நாளைக்கு 1550 என்று அது சொன்னது. அன்றிலிருந்து இன்று வரை, நடுவில் 20 நாளைத் தவிர, ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன்.

பலன் இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஒன்றே கால் வருடத்தில் 62-க்கு வந்தேன், அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கேயே நிற்கிறது. சர்க்கரைச் சராசரி 5.5. அதைவிட, என் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது என்பது அந்த முதல் மாதத்தில்தான் புரிந்தது. சோறுதான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெந்த சோறு 100 கிராம் 130 கலோரிதான், தோசைக் கல்லில் கணக்குப் பார்க்காமல் சுற்றி ஊற்றுகிற நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன் 40. மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டும் ஒரு கரண்டிச் சோற்றைத் தாண்டியிருக்கிறது. ஆபீஸில் நான்கு மணிக்குக் கை பாட்டுக்கு எடுக்கிற மிக்ஸர் ஒரு பிடி 50 கிராம், 270 கலோரி, அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராமல் எத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

சரி, இப்போது பிரச்சினை. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போனேன். ராத்திரி அம்மா பெரிய கிண்ணத்தில் வத்தக்குழம்புச் சோறு பிசைந்து என் பையனுக்கும் தங்கை பிள்ளைகளுக்கும் உருண்டை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை. அந்த உருண்டை எத்தனை கிராம் இருக்கும், எண்ணெய் எவ்வளவு ஊற்றியிருப்பாள் என்று மனசு ஓடியதில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்ததைப் பையனுக்கே கொடுத்துவிட்டாள். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு வயது 68.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு முறை நிறுத்திப் பார்த்தேன், அதுதான் அந்த 20 நாள். 1.8 கிலோ ஏறியது. பயந்துபோய் மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பல வருடமாக இப்படி எழுதுகிறவர்கள், எழுதி நிறுத்தியவர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன். இதைச் சாகும்வரை எழுத வேண்டுமா? நிறுத்தினால் எடை பழையபடி ஏறாமல் இருக்க வழி இருக்கிறதா?


தாமிரபரணி மளிகை:

தங்கச்சி, நான் ஏழு வருடமாக எழுதுகிறேன், இனிமேலும் எழுதுவேன். ஆனால் உங்கள் மாதிரி எழுதினால் எனக்கும் ஏழு மாதத்தில் வெறுத்துப் போயிருக்கும்.

எனக்கு மளிகைக் கடை. அப்பா காலத்திலிருந்து தினமும் ராத்திரி சிட்டை எழுதித்தான் கடையைச் சாத்துவோம். கடையில் எந்த வியாபாரியும் சில்லறைக் காசு வரைக்கும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டான், ஆனால் எழுதாமலும் படுக்க மாட்டான். சாப்பாட்டையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆப் கிடையாது, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. 50 கலோரி எனக்கு ஒரு புள்ளி. இட்லி ஒன்று ஒரு புள்ளி. தோசை எண்ணெயோடு மூன்று. சோறு எங்கள் வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி இரண்டு. பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்ட டீ இரண்டு, மெதுவடை மூன்று, கையளவு நிலக்கடலை மூன்றரை. மீன் குழம்பில் மீன் துண்டு ஒன்றுக்கு இரண்டு, தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் அதற்கு இன்னும் ஒன்று. எனக்கு நாளைக்கு 38 புள்ளி. 35-லிருந்து 41 வரை எது வந்தாலும் அன்றைக்குக் கணக்கு நேர்தான்.

இதில் துல்லியம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆப்பில் மட்டும் எங்கே இருக்கிறது? என் மகள் போனில் ஒரு நாள் தோசை என்று தேடிப் பார்த்தேன், ஒரு இடத்தில் 90, இன்னொரு இடத்தில் 210. யாரோ அவரவர் வீட்டுத் தோசையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டில் அச்சடித்த எண்ணே அப்படியே உண்மை கிடையாது, அமெரிக்காவில் 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தால்கூடச் சட்டப்படி விட்டுவிடுகிறார்கள். தராசு 62 கிராம் என்று காட்டுவதை அப்படியே எழுதினாலும், பெருக்குகிற எண்ணே ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த 2 கிராமுக்கு என்ன மதிப்பு?

கல்யாண வீட்டுப் பந்தியில் நான் நோட்டை வெளியே எடுக்கவே மாட்டேன். வீட்டுக்கு வந்து அந்த வேளைக்கு மொத்தமாக 20 என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன். பாயசம் இரண்டு முறை வாங்கியிருந்தால் 24. அம்மா உருட்டிக் கொடுக்கிற உருண்டைக்கு மூன்று புள்ளி போடுங்கள். முதலில் வாங்கிச் சாப்பிடுங்கள், எழுதுவது அப்புறம்.


வேலூர் வெயில்:

அக்கா, உங்கள் அம்மா வீட்டு விஷயத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் போக முடியவில்லை. நான் எழுதி நிறுத்தியவள். வயது 27.

எனக்குச் சர்க்கரை, கொழுப்பு எதுவும் இல்லை, 58 கிலோ இருந்தேன், 50 ஆக வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். ஆப் 1200 போட்டது. வாரம் ஐந்து நாள் ஜிம், அதற்கு மேல் கை வாட்ச் 400 எரித்தாய் என்று சொன்னால் அன்று அதையும் சாப்பிடாமல் விடுவதில் ஒரு பெருமை. ஒன்றரை வருடத்தில் எழுதாத நாள் ஒன்று கிடையாது. கடைசி ஐந்து மாதம் எனக்கு மாதவிடாய் வரவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மே மாதம் எங்கள் ஊர் வெயிலில் ஆபீஸ் ஏசிக்குள் உட்கார்ந்து ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கர்ப்பப்பை ஸ்கேன், தைராய்டு எல்லாம் பார்த்த பிறகு மகளிர் மருத்துவர் என் போனை வாங்கி ஒரு வாரக் கணக்கைப் பார்த்தார், உனக்கு வியாதி இல்லை, உடம்புக்குப் போதுமான சாப்பாடு இல்லை, இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயைத்தான் என்றார். ஓட்டப்பந்தய வீராங்கனைகளிடம் இது அதிகம் வருமாம், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் என் மனசுக்குச் சமாதானம் தந்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் தினமும் ஏறக்குறைய 1570 கலோரி மட்டும் கொடுத்து, வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்து என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. நானும் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அது என் மனக் கோளாறு என்று நினைத்து அழுதிருக்கிறேன். வயிறு கேட்டதைத்தான் மூளை சொல்லிக்கொண்டிருந்தது.

ஆப்பை எடுத்த பிறகு மாதவிடாய் திரும்ப நான்கு மாதம் ஆனது. இப்போது 56 கிலோ. எண்கள் மனப்பாடம், தட்டைப் பார்த்தால் இன்னும் மனசு கூட்டுகிறது, ஆனால் நான் அதைப் பின்தொடர்ந்து போவதில்லை. உங்களுக்கு எடை குறைய ஒரு மருத்துவக் காரணம் இருந்தது, என்னோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கையிலிருந்து சோறு வாங்க முடியாமல் போவது எனக்கும் நடந்தது, எனக்கு அதுதான் முதல் அடையாளமாக இருந்தது. அதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.


உறையூர் டயட்டீஷியன்:

மருத்துவமனையில் 14 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். நொய்யல்கரை, உங்கள் பதிவிலேயே உங்களுக்கான பதில் பாதி இருக்கிறது, எண்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 1.8 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. 1.8 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால் 20 நாளில் 13,860 கலோரி, அதாவது தினமும் தேவைக்கு மேல் 690 சாப்பிட்டிருக்க வேண்டும். தினமும் கூடுதலாக ஐந்து வடை. அப்படிச் சாப்பிட்டீர்களா? எனக்குத் தோன்றவில்லை. கட்டுப்பாட்டை விட்டதும் சோறும் உப்பும் கூடும், மாவுச்சத்து உடம்பில் சேரும்போது அதைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்துக்கொண்டுதான் சேரும், மாதவிடாய்க்கு முந்தைய வாரமாக இருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு அரைக் கிலோ இருந்திருக்கலாம். ஒரு மாதம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும், நீங்கள் 20-ஆம் நாள் பயந்துவிட்டீர்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். 62 கிலோ, 157 செ.மீ., வயது 39, உட்கார்ந்த வேலை. எடை, உயரம், வயதை வைத்துக் கலோரித் தேவையைக் கணக்கிடும் வழக்கமான மிஃப்லின் சூத்திரத்தில் போட்டால் உடம்பு சும்மா இருக்கவே 1245 வருகிறது, லேசான நடமாட்டத்தோடு 1700-ஐ ஒட்டி. நீங்கள் 1550 எழுதுகிறீர்கள். அது முழுக்க உண்மையானால் இந்த ஒரு வருடத்தில் எடை இன்னும் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. ஆகவே ஒன்று உங்கள் உடம்பு சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகச் செலவழிக்கிறது (எடை குறைத்தவர்களிடம் இது நடக்கும்), அல்லது எழுதாமல் 150 கலோரி உள்ளே போகிறது, பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்னதைவிட நிஜத்தில் சாப்பிட்டது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர்கள் பொய் சொல்லவில்லை, மனிதர்களுக்குச் சாப்பாட்டின் அளவு அப்படித்தான் நினைவில் நிற்கும். நான் சொல்ல வருவது, இந்த ஒரு வருடமாக உங்கள் எடையைப் பிடித்து வைத்திருப்பது 1550 என்ற எண் அல்ல. எண் ஏற்கனவே உண்மையிலிருந்து விலகித்தான் இருக்கிறது, ஆனாலும் எடை நிற்கிறது. நான்கு மணி மிக்ஸரை நிறுத்தியது, தோசைக் கல்லில் எண்ணெயை ஸ்பூனால் விடுவது, சோற்றைப் பார்த்துப் போட்டுக்கொள்வது, இவைதான் பிடித்து வைத்திருக்கின்றன. ஆப்பை எடுத்தால் இவை உங்களை விட்டுப் போகாது.

ஆனால் ஒரேயடியாக எல்லாவற்றையும் விடவும் சொல்ல மாட்டேன். எடையைக் குறைத்து வருடக்கணக்கில் தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் தொடர்ந்து பார்க்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். ஏதாவது ஒரு அளவுகோல் கண்முன் இருக்க வேண்டும். அது தினமும் மூன்று வேளை தராசாக இருக்க வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இது. காலையில் எழுந்ததும் எடை பாருங்கள், ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஒற்றை நாள் எண்ணுக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். உங்களுக்கு 61-லிருந்து 64 வரை ஒரு வரம்பு. சாப்பாட்டை வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, எழுதுங்கள். சராசரி 64-ஐத் தாண்டினால் இரண்டு வாரம் முழுசாக எழுதுங்கள், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும், மறுபடி விட்டுவிடுங்கள். எழுதாத நாளில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும், புரதம். நம் வீடுகளில் சோறும் குழம்புமாக ஓடி அதுதான் விட்டுப்போகும், 62 கிலோவுக்குக் குறைந்தது 50 கிராம், அதற்குப் பருப்பு, தயிர், முட்டை, சுண்டல் எதிலாவது வேளைக்கு ஒன்று தட்டில் இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதை விடாதீர்கள், உங்களுக்கு எடையைவிட அதுதான் பெரிய கணக்கு.

வேலூர் வெயில், நீங்கள் எழுதியதை என்னிடம் வரும் பெண்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கை வாட்ச் சொல்லும் கலோரியை நம்பவே நம்பாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வாட்சுகளைச் சோதித்தார்கள், இதயத்துடிப்பைச் சரியாகச் சொன்னவைகூடக் கலோரியில் தவறின, இருப்பதில் நல்லதே 27 சதவீதம் பிசகியது.


அடுப்படி:

எல்லோரும் சொன்னதோடு சமைக்கிறவள் பக்கத்திலிருந்து ஒன்று. ஐந்து பேர் வீட்டில் நான் இரண்டு வருடம் எழுதினேன். ஒவ்வொரு கிண்ணமாக நிறுப்பதை முதல் மாதமே விட்டுவிட்டேன். சாம்பார் சட்டி, கூட்டு வாணலி, குக்கர் எல்லாவற்றுக்கும் காலிப் பாத்திர எடையை அடியில் பெயிண்டால் எழுதி வைத்தேன். 150 கிராம் துவரம்பருப்பு 510, எண்ணெய் இரண்டு ஸ்பூன் 80, காய் ஒரு 80, மொத்தம் 670. இறக்கி வைத்துப் பாத்திர எடையைக் கழித்தால் 1400 கிராம். நூறு கிராமுக்கு 48. ஒரு முறை போட்டால் வருடம் முழுக்க அதே சாம்பார்தானே. சாம்பாரில் ஒரு கரண்டி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பது அப்போதுதான் உறைத்தது, அதற்கப்புறம் சாம்பாரை எழுதவே இல்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு, அதுவும் எண்ணெய்க்கு மட்டும். எங்கள் வீட்டில் ஐந்து லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. அதை மூன்றரைக்குக் கொண்டுவந்தேன். ஆளுக்கு 80 கலோரி குறைந்தது, யாரும் எதையும் எழுதவில்லை, என் மாமியாருக்கு இன்று வரை தெரியாது, ருசி குறைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி மட்டும் தராசோடு உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு அது உறுத்தும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கும். என் பெண் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, லட்டில் எத்தனை கலோரி அம்மா என்று கேட்டுவிட்டுப் பாதி லட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். அன்றைக்குத்தான் தராசை மேல் பரணுக்கு ஏற்றினேன்.


நொய்யல்கரை:

எல்லோருக்கும் மனசு நிறைந்த நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டயட்டீஷியன் மேடம், அந்த 690 கணக்கை நானே ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் வருத்தம், தினமும் எண்களோடு வேலை செய்கிறவள் நான். அந்த 20 நாளில் பையன் பிறந்தநாள், ஒரு கிரகப்பிரவேசம் இரண்டும் இருந்தன, கடைசி வாரம் மாதவிடாய்க்கு முந்தைய வாரம். நீங்கள் சொன்ன 61-64 வரம்பைக் காலண்டரில் எழுதி ஒட்டிவிட்டேன். செவ்வாயும் ஞாயிறும் எழுதப் போகிறேன்.

வேலூர் வெயில், நீ என் தங்கை வயசு. உடம்பு திரும்பியது கேட்டு நிம்மதி. எனக்கு மாதவிடாய் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் நீ சொன்ன முதல் அடையாளத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆறு மாதத்தில் நான் யார் வீட்டில் என்னவெல்லாம் சாப்பிட மறுத்தேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், பதினொன்று வந்தது. அதில் இரண்டு என் உயிர்த்தோழி வீடு. அவளிடம் நேற்றுப் பேசினேன், உனக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

அம்மாவுக்கும் போன் செய்தேன். இந்த ஆப் விஷயத்தை அவளிடம் நான் மூன்று வருடமாக ஒழுங்காகச் சொன்னதே இல்லை, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, உங்கப்பாவுக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை போகிறேன். தராசைக் கொண்டு போகவில்லை.

அண்ணாச்சி, உங்கள் புள்ளி முறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அந்த இரண்டு நாளும் நோட்டிலேயே எழுதப் போகிறேன். ஒரு சந்தேகம், அம்மா வீட்டில் காலையில் மோர் விட்ட பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். தண்ணீரோடு இருக்கிற சோற்றுக்கு எப்படிப் புள்ளி போடுவீர்கள்?


தாமிரபரணி மளிகை:

தண்ணீருக்குக் கணக்கு இல்லை தங்கச்சி. கையால் பிழிந்து எடுத்தால் எத்தனை கரண்டிச் சோறு வருமோ அத்தனை இரண்டு, மோருக்கு ஒன்று. எங்கள் வீட்டுக் கும்பாவுக்கு ஏழு. வெங்காயத்துக்கு ஒன்றும் எழுதுவதில்லை, மோர்மிளகாய் எண்ணெயில் பொரித்தது இரண்டு கடித்தால் அரைப் புள்ளி. சனிக்கிழமை ராத்திரி உருண்டைக்கு எத்தனை போட்டீர்கள் என்று வந்து எழுதுங்கள்.